நாடி சொன்ன சேதி



போன இதழில் பலாக்கொட்டைக் கூட்டு எழுதியவள் இந்த முறை ஆபரேஷன், ரத்தம் என்று ஆரம்பிக்கிறாளே என்று முகம் சுளிக்காதீர்கள். எங்கள் ஆலங்குடியில் பலா சீஸன் முடிந்துவிட்டது. அதனால் மட்டும் இல்லை. என் நாத்தனாருக்கு நுரையீரலில் ஆபரேஷன் ஆகி இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. அந்த ராத்திரி நான் பார்த்ததையும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுத வேண்டும் என்று வெகு நாளாக ஆசை. இப்போதுதான் கை நடுங்காமல் எழுத வருகிறது.

அவளுக்குப் பத்தொன்பது வயதில் காசநோய் வந்தது. மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டுக் குணமானாள். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், கீரமங்கலத்தில் பூ வியாபாரம் என்று நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் நோய் போன இடத்தில், வலது நுரையீரலின் உச்சியில், ஒரு பொந்து மட்டும் ஆறாமல் இருந்திருக்கிறது. காலி வீட்டில் பூஞ்சை பிடிப்பதுபோல அந்தப் பொந்தில் ஒரு பூஞ்சைக் காளான் குடியேறி, பந்து மாதிரி உருண்டு வளர்ந்துவிட்டது. அது யாருக்குத் தெரியும்? ஒரு சித்திரை மாத ராத்திரி, இருமிக்கொண்டே எழுந்தவள் அரை டம்ளர் ரத்தம் துப்பினாள்.

என் மாமியார், "சூட்டு ரத்தம்டி, ரெண்டு எளநி குடிச்சா சரியாப் போயிரும்" என்றார். எளநீர் வெட்டிக் கொடுத்தவள் நான்தான். மறுநாளும் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சூடு என்று ஒரு நாளைக் கோட்டைவிட்டது எங்கள் தப்பு. இருமலில் சிவப்பாக ஒரு சொட்டு வந்தாலும் எளநீரைத் தேடாதீர்கள், வண்டியைத் தேடுங்கள். எந்தப் பக்கத்து நுரையீரலில் கோளாறு என்று முன்பே தெரிந்திருந்தால், அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கொண்டுபோக வேண்டுமாம். இல்லாவிட்டால் ரத்தம் நல்ல பக்கத்துக்குள் இறங்கி மூச்சை அடைக்கும். இதை டாக்டரம்மா சொன்னபோது, நாங்கள் அவளை மல்லாக்கப் படுக்கவைத்து அழைத்துப் போனது நினைவு வந்து எனக்கு வயிற்றைக் கலக்கியது.

முதலில் தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, ரத்தம் கசியும் குழாயை உள்ளேயே அடைத்தார்கள். இரண்டு மாதம் நின்றது. பிறகு மறுபடியும் வந்தது. அந்த மேல் பகுதியை வெட்டி எடுப்பதுதான் வழி என்றார்கள்.

நாங்கள் நாள் பார்த்து, பிள்ளைகளை என் ஓரகத்தி வீட்டில் விட ஏற்பாடு செய்து, பை கட்டிக்கொண்டு போனால், "இப்போ செய்ய முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஹீமோகுளோபின் 8.4. மாமியாருக்குக் கோபமான கோபம். "அறுக்கறதா இருந்தா அறுக்கணும், இல்லேன்னா விடணும். இதென்ன கீரை வியாபாரமா, அப்புறம் வா, அப்புறம் வான்னு?" என்று வார்டு வாசலிலேயே சத்தம் போட்டார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வெளியே வந்து, பொறுமையாக உட்கார்ந்து பேசினார். அவர் சொன்னதில்தான் இந்தக் கட்டுரையின் பாதி இருக்கிறது.

உடம்பில் எவ்வளவு ரத்தம் ஓடுகிறது தெரியுமா? பெண்களுக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 65 மில்லி. என் நாத்தனார் 46 கிலோ. ஆக, மொத்தமே மூன்று லிட்டர். நம் வீட்டுத் தண்ணீர்க் குடத்தில் கால் குடம்கூட இல்லை. அதில் நூற்றுக்குப் பதினைந்து, அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் போனால், வெளியே ஒன்றுமே தெரியாது. பதினைந்துக்கு மேல் போனால் நாடி வேகமாகும், கை கால் சில்லிடும், சிறுநீர் குறையும். ஆனால் கையில் பட்டை கட்டிப் பார்க்கிறார்களே, அந்த பிரஷர் அநேகமாகச் சரியாகவே காட்டும். முப்பதைத் தாண்டும்போதுதான் பிரஷர் விழ ஆரம்பிக்கும். அவளுக்கு அது ஏறக்குறைய ஒரு லிட்டர்.

"பிரஷர் விழுந்த பிறகு ஓடினால் நாங்கள் பின்னால் ஓடுகிறவர்கள் ஆகிவிடுவோம்" என்றார் டாக்டரம்மா.

எனக்கு இது எங்கள் பக்கத்துத் தண்ணீர்க் கதையாகவே புரிந்தது. எங்கள் மாவட்டத்தில் கிழக்கே நாகுடிப் பக்கம்தான் கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேலே தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தான். தலைமடையில் நிற்கிறவனுக்குக் குறைச்சலே தெரியாது. உடம்பும் அப்படித்தான் செய்கிறது. ரத்தம் குறைந்ததும் தோல், குடல், சிறுநீரகம் இவற்றுக்குப் போகும் மடைகளை இறுக்கிவிட்டு, இருக்கிறதையெல்லாம் மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடுகிறது. பிரஷர் மெஷின் தலைமடையில் அளக்கிறது. கடைமடை காய்ந்ததைத் தெரிந்துகொள்ள உள்ளங்கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும், சிறுநீர்ப் பையைப் பார்க்க வேண்டும்.

இளவயதுக்காரர்களின் உடம்பு இந்த வித்தையை ரொம்ப நன்றாகச் செய்யுமாம். கடைசிவரை சமாளித்துவிட்டுத் திடீரென்று சரியும்.

நுரையீரல் ஆபரேஷனில் இது ஏன் இன்னும் பெரிய கவலை? வயிற்றிலோ காலிலோ ஆபரேஷன் என்றால் ரத்தத்தில் ஒரு பங்குதான் அந்த இடத்துக்கு வந்து போகிறது. நுரையீரல் அப்படி இல்லை. இதயத்தின் வலது பக்கம் தள்ளுகிற ரத்தம் முழுவதும், நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர், நுரையீரல் வழியாகத்தான் இடது பக்கத்துக்கு வர வேண்டும். வேறு பாதை கிடையாது. அந்தப் பெரிய குழாயில் அழுத்தம் என்னவோ கம்மிதான், உடம்புக் குழாயில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு. அதனாலேயே அதன் சுவர் மெல்லிசு. பழைய வாயில் புடவை மாதிரி, இழுத்தால் கிழியும். கிழிந்தால் சில நிமிஷத்தில் காரியம் கெட்டுவிடும்.

ஆனால் என் நாத்தனார் விஷயத்தில் டாக்டர்கள் பயந்தது அந்தப் பெரிய குழாயை நினைத்து அல்ல. காசநோயும் காளானும் இருந்த இடத்தில் நுரையீரல் நெஞ்சுக்கூட்டோடு ஒட்டிக்கொண்டுவிடும். அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி. வருஷக்கணக்கில் அந்த ஒட்டலுக்குள் நெஞ்சுச் சுவரிலிருந்து புதிய சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் நுழைந்து வளர்ந்திருக்கும். இவை பெரிய அழுத்தமுள்ள உடம்புக் குழாயின் கிளைகள். சுரண்டிப் பிரிக்கும்போது ஒவ்வொன்றும் கசியும். ஒன்றைக் கட்டினால் பக்கத்தில் இன்னொன்று. வெள்ளம் இல்லை, ஊற்று. ஐந்து மணி நேரம் கசிந்தால் ஊற்றும் குளத்தை வற்ற வைக்கும் அல்லவா?

சரி, போகிற ரத்தத்துக்கு ஈடாகப் பாட்டிலை ஏற்றிவிட்டால் போச்சு என்று நமக்குத் தோன்றும். எங்கள் பெரிய மாமனார் அதைத்தான் கேட்டார்: "ரெண்டு க்ளூக்கோஸ் ஏத்துங்கம்மா, தெம்பா இருக்கும்." நம் ஊரில் எதற்கும் க்ளூக்கோஸ் ஏற்றினால்தான் வைத்தியம் செய்ததாக அர்த்தம். டாக்டரம்மா சிரித்துவிட்டுச் சொன்னார், ரசத்தில் தண்ணீர் விட்டால் அளவு கூடும், ருசி கூடுமா என்று. உப்புத் தண்ணீர் ஏற்றினால் அதில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் குழாய்க்குள் நிற்கும். மீதி வெளியே கசிந்து சதையில் ஊறும். பிராணவாயுவைச் சுமப்பது சிவப்பணு, அது தண்ணீரில் இல்லை. ரத்தத்தை உறையவைக்கிற சத்தும் நீர்த்துப்போகும். கசிவு இன்னும் கூடும். எல்லாவற்றுக்கும் மேல், நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்த பிறகு மீதியுள்ள பகுதிதான் அத்தனை ரத்த ஓட்டத்தையும் தாங்க வேண்டும். அளவுக்கு மீறித் தண்ணீர் ஏற்றினால் அந்த மிச்ச நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு பக்கம் முழுவதையும் எடுத்தவர்களுக்கு இதனாலேயே உயிருக்கு ஆபத்து வருவது உண்டாம். குறைத்தால் சிறுநீரகம் காயும், கூட்டினால் நுரையீரல் ஊறும். கத்தி முனையில் நடப்பது போலத்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஆபரேஷன் செய்யும் பக்கத்து நுரையீரலைக் காற்றில்லாமல் சுருங்க வைத்து, இரண்டு வழியுள்ள ஒரு குழாயை மூச்சுக்குழாயில் விட்டு, மறுபக்கத்துக்கு மட்டும் மூச்சு கொடுப்பார்கள். சுருங்கிய பக்கத்துக்குப் போகிற ரத்தம் பிராணவாயு வாங்காமலே திரும்பும். நம் உடம்பு கெட்டிக்காரத்தனமாக அந்தப் பக்கத்துக் குழாய்களைத் தானாகவே சுருக்கி, ரத்தத்தைக் காற்றுள்ள பக்கம் திருப்பும். இருந்தாலும் முழுவதும் திருப்ப முடியாது. இப்படி ஏற்கெனவே இழுபறியாக இருக்கும்போது ரத்தமும் குறைந்தால்? உள்ளே போகும்போது கையில் இருப்பு இருக்க வேண்டும். 8.4-ஐ வைத்துக்கொண்டு உள்ளே போவது, கையில் சல்லிக்காசு இல்லாமல் கல்யாணத்துக்குத் தேதி வைப்பது மாதிரி. இப்படிச் சொன்ன பிறகுதான் மாமியார் வாயை மூடிக்கொண்டார்.

நரம்பு வழியாக இரும்புச் சத்து மருந்து ஏற்றினார்கள். மாதவிடாயில் அவளுக்கு அதிகம் போகிறது என்பதையும் அப்போதுதான் யாரோ கேட்டார்கள். அதற்கும் மருந்து கொடுத்தார்கள். பதினைந்து வருஷமாக அது "எல்லாருக்கும் உள்ளதுதானே" என்றே நினைத்திருக்கிறாள். ஏழு வாரத்தில் 10.8 ஆயிற்று. தேதி கொடுத்தார்கள்.

இதற்கு நடுவில் என் கதை ஒன்று. ரத்த வங்கியில் கொடுத்து வைத்தால் நல்லது என்று சொன்னார்கள். உறவுக்காரர்களைக் கூப்பிட்டோம். ஒருவர், "ரத்தம் குடுத்தா வரப்பு வெட்ட முடியுமா?" என்றார். இன்னொருவர் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் இந்த நிமிஷம்வரை வரவில்லை. நான் வீராப்பாக, "நான் குடுக்கிறேன்" என்று போய் உட்கார்ந்தேன். எடை 58, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன், எனக்கு என்ன? விரல் நுனியில் குத்திப் பார்த்த பெண், "அம்மா, உங்களுக்கு 9.6. குறைஞ்சது 12.5 இருக்கணும்" என்றாள். ரத்தம் கொடுக்கப் போன எனக்கே ரத்தம் இல்லை! இரண்டு பிள்ளை பெற்று, நாள் முழுதும் நின்று வேலை பார்த்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை வயசுக் கோளாறு என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. நானும் அதில் ஒருத்தி என்று தெரிய இந்த ஆபரேஷன் வர வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரரும், தகவல் கேட்டு ஓடிவந்த பக்கத்துக் கடைப் பையன் ஒருவனும் கொடுத்தார்கள்.

ஆபரேஷன் அன்று காலை எட்டு மணிக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். மத்தியானம் இரண்டுக்குத்தான் டாக்டர் வெளியே வந்தார். "நினைத்த மாதிரியே ஒட்டியிருந்தது. ஒரு லிட்டர் வரை போயிற்று. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறோம். நன்றாக இருக்கிறாள்" என்றார். அந்த ஒரு லிட்டரை எப்படி அளந்தீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. பிறகு நர்ஸிங் படிக்கும் என் மூத்தவள் சொன்னாள்: உறிஞ்சும் பாட்டிலில் சேர்ந்ததைப் பார்ப்பார்கள், ரத்தம் ஒற்றிய துணிகளையெல்லாம் தராசில் போட்டு நிறுப்பார்கள், உலர்ந்த துணியின் எடையைக் கழித்து ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று கணக்கு. கண்ணால் மதிப்பிட்டால் எப்போதுமே குறைத்துத்தான் சொல்வோமாம். பிரசவத்தில் இது ரொம்ப முக்கியம் என்றாள். ஓரமாகச் சொல்கிறேன், பிரசவத்துக்குத் துணையாகப் போகிறவர்கள் கவனத்தில் வையுங்கள்: நாடித் துடிப்பின் எண், பிரஷரின் மேல் எண்ணைத் தொட்டுவிட்டால் அது நல்ல அறிகுறி இல்லை. உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

இனி அந்த ராத்திரி.

மாலை ஆறு மணிக்கு எங்களை ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். விலாவிலிருந்து இரண்டு குழாய்கள் கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலுக்குப் போயின. பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. உள்ளே கசிகிறதும் காற்றும் வெளியே வரலாம், வெளிக்காற்று உள்ளே போகக் கூடாது, அதற்காகத்தான் தண்ணீர். பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே இருக்க வேண்டும். கட்டிலைத் தள்ளும்போது உதவி செய்கிறேன் என்று அதை மேலே தூக்கினால் தண்ணீர் நெஞ்சுக்குள் திரும்பிவிடும். நான் தூக்கப் போய்த் திட்டு வாங்கினேன், அதனால் தெரியும்.

சிஸ்டர் மணிக்கு ஒரு முறை பாட்டிலில் கோடு போட்டு நேரம் எழுதினார். முதல் மணி 120, அடுத்தது 110, அதற்கடுத்தது 140. ஆபரேஷன் முடிந்த புதிதில் கொஞ்சம் வரும், போகப் போகக் குறைய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மணிக்கு 200 மில்லி வீதம் இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்தால் மறுபடி திறந்து பார்க்க யோசிப்பார்களாம். 140 என்றதும் எனக்குப் பயம். எட்டு மணிக்கு மறுபடி ஐந்து நிமிஷம் உள்ளே போனேன். பாட்டிலில் கோட்டுக்கு மேல் ஏறவே இல்லை. அந்த மணிக்கு வெறும் 10. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வெளியே ஓடிவந்து, "அத்தை, நின்னுபோச்சு! ரத்தம் நின்னுபோச்சு!" என்றேன். மாமியார் அங்கேயே எழுந்து நின்று எங்கள் நாமபுரீஸ்வரர் இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டார்.

சிஸ்டர் கும்பிடவில்லை. அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நாத்தனாரின் உள்ளங்கையைத் தொட்டாள், பிறகு பாதத்தைத் தொட்டாள். சிறுநீர்ப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். நாடி ஆறு மணிக்கு 88, ஏழு மணிக்கு 102, இப்போது 122. பிரஷர்? 116 இருந்தது 110. நம்மைப் போன்றவர்கள் பார்த்தால், "பிரஷர் நார்மல்தானே" என்போம். சிறுநீர் ஆறு மணிக்கு 40 மில்லி, இப்போது 10.

அவள் டாக்டருக்குப் போன் செய்து சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது: "சார், பாட்டில் நின்னுருச்சு. பேஷன்ட்டுக்கு நிக்கலைன்னு தோணுது."

கசிவு நிற்கவில்லை. குழாய்தான் அடைத்துக்கொண்டிருந்தது. ரத்தம் உள்ளேயே உறைந்து கட்டியாகி, குழாயின் வாயை மூடிவிட்டது. மேலே கசிந்துகொண்டே இருந்ததெல்லாம் நெஞ்சுக்கூட்டுக்குள் தேங்கி நின்றது. நான் நல்ல சேதி என்று ஓடிவந்து சொன்னது பாட்டிலின் பொய். நாடி சொன்னதுதான் நிஜம்.

படம் எடுத்தார்கள், வலது பக்கம் வெள்ளையாக இருந்தது என்றார்கள். ஒன்பதரைக்கு மறுபடி ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கையெழுத்துப் போடச் சொன்னபோது என் வீட்டுக்காரருக்குப் பேனா பிடிக்க முடியவில்லை. நான் போட்டேன். உறைந்த கட்டியை எடுத்து, விலா எலும்பின் ஓரமாக ஓடும் ஒரு சின்னக் குழாய் கசிவதைக் கண்டுபிடித்துக் கட்டினார்கள். தையல் நூல் கனம்தான் இருக்குமாம் அது. மூன்றாவது பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அவள் கையைத் தொட விட்டார்கள். வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்படியில் நின்றவள் கை மாதிரி.

பிற்பாடு, கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த பிறகு, என் மகள் ஒரு நாள் சாவகாசமாகச் சில விஷயங்கள் சொன்னாள். ரத்தம் போனால் ஏன் இப்படி உடம்பு சரிகிறது என்பதே நூறு வருஷத்துக்கு முன் டாக்டர்களுக்குச் சரியாகத் தெரியாதாம். அடிபட்ட இடத்திலிருந்து ஏதோ விஷம் பரவுகிறது என்று பலர் நினைத்தார்கள். அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் 1930 வாக்கில் ஆல்ஃபிரட் பிளலாக் என்ற டாக்டரும் விவியன் தாமஸ் என்ற இளைஞரும் சேர்ந்து ஆராய்ந்து, விஷம் இல்லை, குழாய்க்குள் ஓட வேண்டிய ரத்தமும் நீரும் வெளியே போய்விடுவதுதான் காரணம் என்று காட்டினார்கள். அந்த விவியன் தாமஸ் கறுப்பினத்தவர். தச்சு வேலை பார்த்தவர், டாக்டருக்குப் படிக்கச் சேர்த்த பணம் வங்கி திவாலானதில் போய்விட்டது. ஆராய்ச்சி செய்தவருக்குச் சம்பளப் பட்டியலில் துப்புரவுத் தொழிலாளி என்றுதான் பெயர் போட்டிருந்தார்களாம். 1976இல்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இதைக் கேட்டதும், ராத்திரி எட்டு மணிக்குப் பாதத்தைத் தொட்டுப் பார்த்த அந்தச் சிஸ்டர் பெண்ணின் முகம்தான் எனக்கு வந்தது.

ஒரு பக்க நுரையீரலை ஒரே ஆபரேஷனில் முழுவதும் எடுத்து ஆளைப் பிழைக்க வைத்தது முதன்முதலில் 1933இல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில். செய்தவர் எவர்ட்ஸ் கிரஹாம். நோயாளியும் ஒரு டாக்டர்தான், ஜேம்ஸ் கில்மோர் என்று பெயர், நுரையீரலில் புற்றுநோய். அதற்குப் பிறகு அவர் ஒற்றை நுரையீரலோடு முப்பது வருஷம் வாழ்ந்தார். கிரஹாமோ 1957இல் அதே நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். நெடுநாள் சிகரெட் பிடித்தவர்.

நம் நாட்டுக்கு இந்த வைத்தியம் வந்தது தூரத்தில் இல்லை, நம் வேலூரில்தான். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் நெஞ்சு அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் நெஞ்சைத் திறந்ததெல்லாம் பெரும்பாலும் காசநோய்க்காகத்தான். தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928இல் ஆரம்பித்த சானடோரியம் இன்றும் ரயில் நிலையத்தின் பெயராகவே இருக்கிறதே! பிறகு மாத்திரைகள் வந்தன. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சியில், சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகிறது என்று நிரூபித்தார்கள். அதனால்தான் இன்றைக்குக் காசநோய்க்காகக் கத்தி எடுப்பது அபூர்வம். என் நாத்தனாரைப் போல நோய் விட்டுப்போன பொந்துக்காகத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டவர்களும் பிறகு இருமலை அலட்சியம் செய்யக் கூடாது என்று அவளுக்கு அன்று யாரும் சொல்லவில்லை.

இரும்புச் சத்து பற்றி நீங்கள் கடிதம் எழுதிக் கேட்பீர்கள் என்று தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முருங்கைக்கீரை நல்லதுதான், தினமும் சமைக்கிறேன். ஆனால் 9.6-ஐ கீரை மட்டும் வைத்து ஏற்ற முடியாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாத்திரை வேண்டும். அதைக் காப்பி, டீ, பாலோடு விழுங்கினால் பாதி வீண். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் உடம்பில் நன்றாகச் சேரும். சுண்ணாம்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டையும் ஒரே வேளையில் போடாதீர்கள். மலம் கறுத்துப்போகும், பயப்பட வேண்டாம். எதனால் குறைந்தது என்று கண்டுபிடிக்காமல் மாத்திரை மட்டும் விழுங்குவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. எனக்கு மாதவிடாய்தான் காரணம் என்று தெரிந்தது. எனக்கு வந்த கஷ்டம், வயிற்றைப் பிடித்ததுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொன்ன பிறகு சரியாயிற்று.

நாத்தனார் இப்போது பழையபடி காலை நாலு மணிக்கு எழுந்து கீரமங்கலம் மார்க்கெட்டுக்குப் போகிறாள். படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, தழும்பு மழை நாளில் இழுக்கிறது என்கிறாள். போன வெள்ளிக்கிழமை இரண்டு முழம் மல்லிகை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "என்ன அண்ணி, இப்பவும் சில்லுனு இருக்கு?" என்றாள்.

அரிசி கழுவிக்கொண்டிருந்தேன், அதனால்தான் என்றேன். இருந்தாலும் மறுநாள் போய்ப் பரிசோதித்தேன். 12.1. அவளுக்கு ஏற்றிய மூன்று பாட்டிலில் என் பங்கு ஒன்றாவது திரும்பிப் போக வேண்டும் என்பது என் கணக்கு. இன்னும் புள்ளி நாலு பாக்கி.